லயன் வீட்டுக்கும் ஒரு முகவரி: பிளஸ் கோட் பாவித்துப் பார்த்த ஆறு மாதம்

என் கடையின் பின்சுவரில் மூன்று தட்டு இரும்பு ராக்கை ஒன்று நிற்கிறது. போன், போட்டோகொப்பி வேலைகள் செய்யும் கொமினிகேஷன் கடை தொடங்கிய புதிதில் போட்டோகொப்பித் தாள் அடுக்க வாங்கியது. இரண்டு வருடத்தில் அதில் தாள் வைக்க இடமில்லாமல் போய்விட்டது. தட்டுக்கு ஒரு தேயிலைத் தோட்டம் என்று பார்சல்கள் நிறைந்துவிட்டன. ஒருவருக்குச் செருப்பு, ஒருவருக்கு பிரஷர் குக்கர், பிள்ளைக்கு ஸ்கூல் பேக், கொழும்பில் வேலை செய்யும் மகன் அம்மாவுக்கு அனுப்பிய கம்பளி. எல்லாம் ஒன்லைனில் வாங்கியவை. பார்சலில் பெயர் அவர்களுடையது, முகவரி என்னுடையது. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு சின்ன டவுனில் கடை. கடைக்கு இலக்கம் இருக்கிறது, வீதிக்குப் பெயர் இருக்கிறது. அதனால் மூன்று தோட்டத்துக்கும் நானே முகவரி ஆகிவிட்டேன்.

பார்சலை வைத்துக்கொள்வது எனக்குச் சிரமமில்லை. ஆனால் அதை எடுக்க ஒரு அம்மா பஸ் ஏறி வர வேண்டும். வேலை நாளில் வந்தால் அன்றையப் பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும். 1,200 ரூபாய்ச் சாமானுக்கு ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் கொடுத்தால் அது எப்படி மலிவு விலையாகும்? இந்தக் கேள்விதான் என்னை பிளஸ் கோட் பக்கம் கொண்டுபோனது. வீதியும் இலக்கமும் இல்லாத இடத்துக்கும் முகவரியாகப் பாவிக்கக்கூடிய ஒரு சின்னக் குறியீடு அது. ஆறு மாதம் பாவித்துவிட்டேன், இரண்டு தோட்டத்தில் லயம் லயமாக, அதாவது தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடுகள் தோறும், நடந்து பதிந்தும் விட்டேன். எங்கள் பக்கத்து ஆட்கள் யாராவது தேடினால் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் தோட்டத்து முகவரி எப்படி இருக்கும் என்பதை வெளி ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். பெயர், லயத்தின் நம்பர், மேல் கணக்கா கீழ் கணக்கா (கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு), தோட்டத்தின் பெயர், ஹட்டன். அவ்வளவுதான். வீட்டு இலக்கம் கிடையாது, வீதி கிடையாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. எனக்கு ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்து நான்கு நாள் கழித்துக் கையில் கிடைத்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்ததோடு 1823இல் தொடங்கிய மலையகக் கதைக்கு 200 வருடம் என்று 2023இல் நடைபயணமும் கூட்டங்களும் நடந்தன. அந்த 200 வருடத்துக்குப் பிறகும் ஒரு லயன் காம்பராவுக்கு, அதாவது லயத்தில் ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு, கதவு இலக்கம் இல்லாமல் இருப்பது எனக்கு வயிறு எரிகிற விஷயம்.

இப்போது இந்த முகவரியை ஒரு ஒன்லைன் கடைப் படிவத்தில் போட்டுப் பாருங்கள். 'வீட்டு இலக்கம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. சிலர் சைபர் போடுவார்கள், சிலர் லயத்தின் நம்பரைப் போடுவார்கள். 'வீதி' என்ற இடத்தில் தோட்டத்தின் பெயர் போகும்.

ஒன்லைன் வியாபாரத்துக்காகக் கண்டுபிடித்த பல விஷயங்களை வாசித்துப் பார்த்தேன், தொழில் அது என்பதால். 1994இல் நெட்ஸ்கேப் கம்பனியில் லூ மொன்டுலி என்பவர் குக்கியைச் செய்தார். வாங்க நினைத்த சாமானை அடுத்த பக்கம் போனதும் இணையத்தளம் மறந்துவிடாமல் இருக்க அது வழி செய்தது. கூடையில் போட்டது கூடையில் இருப்பது இந்த மாதிரி வேலையால்தான். 1999இல் அமேசானுக்கு ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது, 2017 வரை அது அவர்கள் கையில் இருந்தது. அந்த ஒரு கிளிக் எதன்மேல் நிற்கிறது? ஏற்கெனவே சேமித்து வைத்த கார்ட் இலக்கமும் சேமித்து வைத்த முகவரியும்தான். முகவரி இருக்கிறவருக்கு ஒரு கிளிக். எங்கள் மேல் கணக்கு அம்மாவுக்கு எத்தனை கிளிக் பண்ணினாலும் பார்சல் டவுனோடு நின்றுவிடும். முகவரியே இல்லாத இடத்திலிருந்து யோசித்துச் செய்த கண்டுபிடிப்பு என்று நான் பார்த்தது பிளஸ் கோட் ஒன்றைத்தான்.

இதைச் செய்தது கூகுளின் சூரிச் அலுவலகம். 2014இல் வெளிவிட்டார்கள், அடுத்த வருடம் கூகுள் மேப்பிலும் வந்தது. காசு இல்லை. அதன் நிரலும் திறந்த நிரல், யாரும் எடுத்துத் தங்கள் செயலியில் போட்டுக்கொள்ளலாம். கொல்கத்தாவின் சேரிகளில் வீடு வீடாக இந்தக் கோட் கொடுத்திருக்கிறார்கள். கேப் வேர்ட் தீவுகளின் தபால் சேவை இதை ஏற்றிருக்கிறது. அமெரிக்காவில் நவாஹோ மக்களின் ஊர்களிலும் வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொல்கத்தாவைப் பற்றி வாசித்த அன்றுதான் எங்கள் லயங்களிலும் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது.

உலகத்தை அகலக்கோடு, நெடுங்கோட்டுக் கணக்கில் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தும் இலக்கமும் சேர்ந்த ஒரு பெயர் வைப்பதுதான் இதன் வேலை. முழுக் கோட் என்றால் எட்டு எழுத்து, ஒரு கூட்டல் குறி, அதற்குப் பின் இரண்டு எழுத்து. முதல் நான்கு எழுத்து ஒரு பாகை நீளம், ஒரு பாகை அகலம் உள்ள பெரிய கட்டத்தைக் காட்டும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் வட அகலக்கோடு 6க்கும் 7க்கும், கிழக்கு நெடுங்கோடு 80க்கும் 81க்கும் நடுவில் இருப்பதால் எங்கள் எல்லோருக்கும் தொடக்கம் ஒன்றுதான்: 6, எம், ஆர், 2. கண்டிக்குப் போனால் மூன்றாவது எழுத்து வி ஆகிவிடும். இந்தத் தொடக்கத்தை விட்டுவிட்டு, மிச்சத்தோடு டவுன் பெயரைச் சேர்த்துச் சொன்னாலும் போதும். அதுதான் சுருக்கக் கோட்.

என்னை மிகவும் கவர்ந்தது அவர்கள் எழுத்துகளைத் தெரிவு செய்த விதம். 2 முதல் 9 வரை எட்டு இலக்கம், அப்புறம் பன்னிரண்டு ஆங்கில எழுத்து, மொத்தம் 20தான். 0, 1 என்ற இரண்டு இலக்கமும் இல்லை, ஓ, ஐ, எல் என்ற எழுத்துகளோடு குழம்பும் என்பதால். ஏ, ஈ, ஐ, ஓ, யூ எதுவும் இல்லை, தற்செயலாக ஏதாவது சொல் அமைந்துவிடக் கூடாது என்பதால். தமிழ் பேசுகிற நமக்கு இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. போனில் 'பி' என்று சொன்னால் எந்த பி என்று திருப்பிக் கேட்க வேண்டியதில்லை, இந்தப் பட்டியலில் ஒரே ஒரு பி தான். எம் இருக்கிறது, என் இல்லை. எஃப் இருக்கிறது, எஸ் இல்லை. ரீலோட் போடும்போதும் அடையாள அட்டை எழுதும்போதும் நான் நாள் முழுக்கப் படுகிற பாடு இந்த எம், என் குழப்பம்தான். சியும் வியும் மட்டும் இரைச்சலில் ஒன்று போலக் கேட்கும். அதற்கு நான் 'சிலோன் சி', 'வெற்றிலை வி' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மேல் கணக்கில் ஒரு பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர், தன் வீட்டுக் கோட்டைப் பாட்டு மாதிரி மனப்பாடமாக ஒப்பிக்கிறார்.

சரி, லயத்துக்கு இது எந்த அளவுக்குப் பொருந்துகிறது? பத்து எழுத்துக் கோட்டின் கட்டம் எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய 14 மீட்டருக்கு 14 மீட்டர். நகரத்தில் அது ஒரு வீடும் முற்றமும். லயத்தில் அப்படி இல்லை. எங்கள் பழைய லயத்தில் ஒரு காம்பராவின் முகப்பு 11 அடி, டேப் வைத்து நானே அளந்தேன். 14 மீட்டருக்குள் நான்கு குடும்பம் அடங்கிவிடும். முன்னும் பின்னும் முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்றால் எட்டுக் குடும்பத்துக்கு ஒரே கோட். பதினோராவது எழுத்து ஒன்றைச் சேர்த்தால் கட்டம் இன்னும் இருபதாகப் பிரிந்து, சுமார் 3.5 மீட்டருக்கு 2.8 மீட்டர் ஆகிவிடும். கிட்டத்தட்ட ஒரு காம்பராவின் அளவு! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் போனில் இருக்கிற ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் அங்கே இங்கே காட்டும். தகரக் கூரைக்குக் கீழே, பக்கத்தில் மலைச் சரிவும் சவுக்கு மரமும் இருந்தால் இன்னும் தள்ளும். அதனால் பதினோராவது எழுத்தை நம்பிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வைக்கக் கூடாது. நான் இப்போது பத்து எழுத்துக் கோட், அதோடு லயத்தின் நம்பர், இடமிருந்து எத்தனையாவது காம்பரா என்று மூன்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடையும் கொப்பியுமாகப் போவேன். லயத்தின் இரண்டு தலைப்பிலும் நடுவிலும் நின்று, வெளிவாசலில் வானம் தெரிகிற இடத்தில் போனைப் பிடித்து, மேப்பில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடிப்பேன். சிவப்பு முள் விழுந்ததும் கீழே கோட் வரும். அதை எழுதிக்கொண்டு, செயற்கைக்கோள் படத்தில் லயத்தின் கூரையோடு ஒத்துப் பார்ப்பேன். நீளக் கூரை என்பதால் எண்ணிப் பிடிக்கலாம். கடைக்கு வந்து சின்ன அட்டை அடித்து லேமினேட் பண்ணிக் கொடுக்கிறேன். தமிழில் பெயர், கணக்கு, லயம், காம்பரா, கீழே பெரிய எழுத்தில் கோட். வீட்டுக்கு ஒன்று 50 ரூபாய், அது லேமினேட் கூலி மட்டும்தான்.

முதல் அட்டை யாருக்கு என்றால், நெபுலைசர் வீட்டுக்கு. கீழ் கணக்கில் ஒரு அக்கா, 25 வருடம் கொழுந்து எடுத்தவர், இழுப்பு நோய். மகன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறார். அம்மாவுக்கு நெபுலைசர், அதாவது மருந்தை மூச்சில் இழுக்க வைக்கும் மெஷின், ஒன்லைனில் ஓடர் போட்டார். என் கடை முகவரி போட்டிருந்தால் வந்திருக்கும், ஆனால் அம்மாவை அலைய விடக்கூடாது என்று தோட்டத்து முகவரியைப் போட்டுவிட்டார். ஒரு தரம் 'முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை' என்று திரும்பியது. மறுபடியும் அனுப்பினார், மறுபடியும் திரும்பியது. கொண்டுவந்தவர் தோட்டத்து கேட் வரைக்கும் வந்து போன் எடுத்திருக்கிறார், அக்காவுக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. "பீலிக்கரைக்கு மேல, கோவிலுக்குப் பின்னால" என்று அக்கா தமிழில் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். இடையில் ஒரு இரவு அவரை ஆட்டோவில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது.

மூன்றாம் முறை ஓடருக்கு முன்னால் மகன் எனக்கு வட்ஸ்அப் பண்ணினார். நான் போய்க் கோட் எடுத்து அனுப்பினேன். உடனே திரும்ப அழைத்து, "அக்கா, இது கடலுக்குள்ள காட்டுதே" என்றார். டவுன் பெயரை விட்டுவிட்டுச் சுருக்கக் கோட்டை மட்டும் போட்டிருக்கிறார். சுருக்கக் கோட் என்பது தேடுகிறவருக்குக் கிட்ட உள்ள அதே பெயர்க் கட்டத்தைத்தான் காட்டும். கொழும்பில் இருந்து தேடினால் எங்கள் கட்டத்துக்குச் சரியாக ஒரு பாகை மேற்கே, கடலில் போய் விழும். தூரத்தில் இருப்பவர்களுக்கு எப்போதும் முழுக் கோட்டைக் கொடுங்கள், இதை நான் அன்றுதான் படித்துக்கொண்டேன்.

முழுக் கோட் போட்ட ஐந்தாம் நாள் காலை எனக்கு அழைப்பு வந்தது. கொண்டுவந்த பொடியன் கண்டிப் பக்கம், சிங்களம் மட்டும்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கிறேன், மேப் இன்னும் 300 மீட்டர் காட்டுகிறது, ஆனால் பாதை இல்லையே என்றார். பைக்கை அங்கேயே விட்டுவிட்டுப் படியில் ஏறுங்கள் என்றேன். போனைக் காதில் வைத்தபடியே ஏறினார், மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. "நீலக் கதவு, வாசல்ல ரோசாச் செடி" என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன் அக்காவின் குரல் கேட்டுவிட்டது. அந்தப் பொடியனுக்குப் பால் தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினார்.

அவர் பாதை இல்லையே என்றது இந்தக் கோட்டின் பெரிய குறை. கோட் இடத்தைத்தான் சொல்லும், உயரத்தைச் சொல்லாது. இரண்டு பரிமாணக் கணக்கு அது. கொழும்பில் 200 மீட்டர் என்றால் 200 மீட்டர். இங்கே 200 மீட்டருக்கு நடுவில் ஒரு ஆறு ஓடும், சுற்றி வர நான்கு கிலோமீட்டர் ஆகும். அதனால் நான் ஒவ்வொரு லயத்துக்கும் இரண்டு கோட் எடுக்கத் தொடங்கிவிட்டேன். வீட்டுக்கு ஒன்று, வண்டி வந்து நிற்கிற இடத்துக்கு ஒன்று: மடுவம், ஸ்டோர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, இப்படி. அட்டையில் 'வண்டி இங்கே வரை' என்று சிங்களத்திலும் எழுதிவிடுகிறேன். இந்த இரண்டாவது கோட் வந்தபிறகு வழி கேட்டு வருகிற அழைப்புகள் பாதியாகக் குறைந்தன.

இன்னொரு தொல்லை கூட்டல் குறி. ஒரு கடையின் படிவம், பெயர் வேண்டாம், 'விசேட குறியீடுகள் அனுமதி இல்லை' என்று அதை ஏற்கவே இல்லை. வேறொன்றில் ஏற்றுக்கொண்டது, ஆனால் பார்சலில் ஒட்டிய துண்டில் கூட்டல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. இணையப் படிவங்களின் பழைய வழக்கத்தில் இடைவெளியைக் கூட்டல் குறியாக மாற்றித்தான் அனுப்புவார்கள். செய்தவர் கவனமில்லாமல் விட்டால் நிஜக் கூட்டல் குறியும் மறுபக்கத்தில் இடைவெளியாகிவிடும். பயப்பட வேண்டாம். பத்து எழுத்துக் கோட்டில் கூட்டல் எப்போதும் கடைசி இரண்டு எழுத்துக்கு முன்னால்தான். டெலிவரிக்காரரிடம் அதைச் சொன்னால் அவர் போட்டுக்கொள்வார்.

வட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆளிடம் ஆள் பேசும்போது அது நல்லது, நானும் அனுப்புகிறேன். ஆனால் ஓடர் படிவத்தில் அதை ஒட்ட முடியாது, பார்சலின் மேல் எழுத முடியாது, பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தாவால் அனுப்ப முடியாது. கோட் வெறும் எழுத்து. காகிதத்தில் எழுதலாம், வாயால் சொல்லலாம். உண்டாக்குவதும் வெறும் கணக்குத்தான், சிக்னல் இல்லாத பள்ளத்திலும் நடக்கும். மேப் படத்தை மட்டும் முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை, குறிப்பாகத் தங்கச்சிமாருக்கு. வீட்டில் கேக் செய்து, சட்டை தைத்து பேஸ்புக்கில் விற்கிற பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். வீட்டுக் கோட்டை எல்லோரும் பார்க்கிற பதிவில் போடாதீர்கள். அது உங்கள் வாசற்படி வரைக்கும் கொண்டுவந்து விடும். வாங்குகிறவர் யார் என்று தெரிந்தபிறகு தனியாகக் கொடுங்கள், அல்லது மடுவத்துக் கோட்டைக் கொடுங்கள்.

வங்கிக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் இந்தக் கோட் செல்லாது. அங்கே இன்னும் தோட்டத்தின் பெயரும் கிராம சேவகரின் கையெழுத்தும்தான். 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய புதிய வீடுகளையும் போய்ப் பார்த்தேன். நான் போன வரிசையில் தனித் தனி வீடு, தனித் தனி வாசல், அங்கேயும் கதவில் இலக்கம் இல்லை. பிரதேச சபை மனம் வைத்தால் ஒரு வாளிப் பெயின்டும் இரண்டு நாளும் போதும். நான் அட்டை அடிப்பதால் அந்தக் கடமை அவர்களைவிட்டுப் போய்விடாது.

5க்கு 4 கொடுப்பேன். குறைத்த ஒன்று உயரத்துக்காக.

இரண்டு தோட்டத்தில் இதுவரை 31 லயம் பதிந்திருக்கிறேன். ராக்கையில் மேல் தட்டும் நடுத் தட்டும் காலி, தாளைத் திரும்ப அங்கே அடுக்கிவிட்டேன். கீழ்த் தட்டு இன்னும் நிறைந்திருக்கிறது, மூன்றாவது தோட்டத்துக்கு நான் போகவில்லை. வருகிற ஞாயிறு மழை இல்லை என்றால் அந்தத் தோட்டத்தின் மேல் கணக்கில் தொடங்குகிறேன். அங்கே உள்ளவர்கள் லயத்தின் நம்பரையும் இடமிருந்து எத்தனையாவது காம்பரா என்பதையும் ஒரு துண்டில் எழுதி, பார்சல் எடுக்க வரும்போது கொண்டுவந்து தாருங்கள்.